அருகிலுள்ள குடியிருப்பு

படிவத்தின் பதினான்காம் கட்டம்:
அருகிலுள்ள குடியிருப்புக்குத் தூரம், அடிக்கணக்கில்.
இருபத்திரண்டு ஆண்டுகளாக அங்கே
நான் தட்டச்சு செய்தது: பொருந்தாது.
போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்துத்தான்.
போன ஆண்டில், அதற்கு முந்தைய ஆண்டைப் பார்த்து.

கிடங்கு முதலில் வந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.
நெப்ராஸ்காவின் மக்காச்சோளத்துக்கு நடுவே
ரயில் பாதையோரம், பைன் பலகையில்,
தனியாகத்தான் நின்றது.
ஊர்தான் அதை நோக்கி நடந்தது,
நிலம் மலிவாகக் கிடைத்த பக்கமாக,
ஒரு தெரு, பிறகு இன்னொரு தெரு.
டயர்க்கடை போனது.
பள்ளிக்கூடம் தன் பேஸ்பால் திடலையும் கூட்டிக்கொண்டு போனது.
கடைசியில் முதியோர் இல்லம்;
அதன் வரைபடத்தில் முத்திரை குத்தியவள் நான்.
சன்னல்களை மேற்கே வைத்திருந்தார்கள்,
அந்திச் சூரியன் தெரியட்டும் என்று.
மேற்கே கிடங்கு.

உள்ளே வெள்ளைக் குருணை, ரவை மாதிரி.
ஈரக்கையில் அள்ளினால் சில்லென்று இருக்கும்.
வெடியுப்பின் உறவுமுறை என்று
மூட்டையில் எழுதியிருக்கவில்லை.
உரம் என்றால் உண்மையிலேயே உரம்:
என் அண்ணன் மிலோவின் டிராக்டர் கடனை அடைத்தது,
தேவாலயத்துக்குப் புது ஆர்கன் வாங்கித் தந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும்.
இந்த உப்பை நாங்கள்
விலை ஏறியபோது மட்டும் நினைத்தோம்.

ஒருமுறை ஆய்வாளர் ஒருவர் வந்தார்.
ஏணிக்குக் கைப்பிடி இல்லை என்று
எழுதிக்கொண்டு போனார்.
அடுத்த வாரமே கைப்பிடி போட்டார்கள்.
பச்சை வண்ணம்கூட அடித்தார்கள்.

ஏப்ரல். புதன்கிழமை. மாலை ஏழு பத்து.
விதை அறையில் மின்கம்பி பொறிந்தது என்றார்கள், பின்னால்.
அணைக்கப் போனவர்கள் ஒன்பது பேர், சம்பளமில்லாதவர்கள்:
முடிதிருத்தும் ஓட்டோ ப்ராஸ்கா,
குழாய் வேலை செய்யும் ஸ்டானெக் சகோதரர்கள்,
பள்ளியில் வேதியியல் எடுக்கும் வெர்லா ஹாவல்.
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
'ஓடுங்கள்' என்று அவள் கத்தியது
வண்டி வானொலியில் பதிவாகியிருக்கிறது.
இரண்டு முறை.
மூன்றாம் முறை 'ஓ' மட்டும்.

எனக்குச் சத்தம் கேட்ட நினைவே இல்லை.
மேடைமேல் வைத்திருந்த முட்டைகள்
என் தலைமுடியில் இருந்தன.
சமையலறைக் கதவு தோட்டத்தில் படுத்திருந்தது,
பூட்டியது பூட்டியபடி.

முதியோர் இல்லத்தில்
இரவுச் சாப்பாடு முடிந்ததும்
நாற்காலிகளைச் சன்னல் பக்கம் திருப்பிவைப்பது வழக்கம்.
இதற்குமேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

விசாரணையில் கேட்டார்கள்:
அங்கே எவ்வளவு இருந்தது, தெரியுமா?
டன் என்ன விலை என்று தெரியும், என்றேன்.
யாரோ சிரித்தார்கள்.
நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.
மடியில் நெருப்பென்றால் சுடும், உதறிவிடலாம்.
இது முப்பது வருடம் மடியில் குளிர்ந்துகொண்டே இருந்தது.

பள்ளத்தில் மழைநீர் நின்றது.
ஜூனில் வாத்துகள் வந்தன.
விளிம்பைச் சுற்றிப் புல்,
இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு பச்சையை நான் கண்டதில்லை.
பார்க்கச் சகிக்காத பச்சை.
மிலோ வண்டியை நிறுத்தாமல் ஓட்டிப் போகிறான்.

செப்டம்பரில் புதுப் படிவம் வந்தது.
அதே நிறுவனம், வேறு பெயர், ஊருக்குக் கிழக்கே.
ஓடு வேய்ந்த மாதிரிப் படம் இணைத்திருந்தார்கள், அழகாகவே.
பதினான்காம் கட்டத்தில் விரல் வழக்கம்போல்
'பொ' வரைக்கும் போய்விட்டது.

காரை எடுத்துக்கொண்டு போனேன்.
முளைக்குச்சி அடித்திருந்த மூலையில் இறங்கி
நடக்கத் தொடங்கினேன்,
குதிகால் கட்டைவிரலைத் தொட, அடிமேல் அடியாக,
வாய்விட்டு எண்ணிக்கொண்டு.
நாய் ஒன்று கூடவே வந்தது.
இடையில் ஒரு தடவை எண்ணிக்கை தவறி
மறுபடி மூலைக்குப் போனேன்.

அறுநூற்றுப் பதினொன்றில்
ஒரு துணிக்கொடி குறுக்கிட்டது.
சின்னச் சின்னச் சட்டைகள்,
இன்னும் ஈரமாக.